ஆவியில் வேகும் கடலுணவு: நம்பிச் சாப்பிடலாமா, கேட்கிற விலை கொடுக்கலாமா?

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அலுவலக நண்பர்கள் மேசையிலேயே கடலுணவை ஆவியில் வேகவைத்துத் தரும் கடைக்குக் கூப்பிடுகிறார்கள், மசாலாவே கிடையாதாம், கவிச்சி அடிக்காதா, பாதி வெந்ததைத் தின்று வயிறு கெடாதா, பில் எவ்வளவு தீட்டுவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, மனைவிக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, கூட்டிப்போகலாமா என்று கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி. என்னைக் கேட்டால் அந்த ஒரு வரிதான் இதில் முக்கியம், அதற்குத் தனியாக வருகிறேன். மற்றதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரே கேள்விதான்: மிளகாயும் புளியும் மறைக்காத மீனை எதை வைத்து நம்புவது? நான் மீன் பதப்படுத்தல் படித்துவிட்டு இங்கே இறக்குமதிச் சரக்கின் தரம் பார்க்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். சமையல்காரன் இல்லை, டாக்டரும் இல்லை. அந்த அளவோடு இதைப் படியுங்கள்.

முதலில், இது ஸ்டீம்போட் இல்லை. ஸ்டீம்போட்டில் கொதிக்கும் சூப்புக்குள் மீனையும் கீரையையும் போட்டு எடுப்பார்கள். இங்கே சூப்பில் எதுவும் முங்காது. மேசை நடுவில் பதித்த அடுப்பு, அதன்மேல் பானை, பானைக்குள் அரிசியும் தண்ணீரும், அதற்கு மேல் துளை போட்ட எவர்சில்வர் தட்டு, எல்லாவற்றுக்கும் மேல் உயரமான ஒரு மூடி. நம் இட்லிக் கொப்பரை மேசைக்கு வந்து உட்கார்ந்த மாதிரிதான். மேலே வேகும் நண்டிலும் சிப்பியிலும் இருந்து வடிகிற சாறெல்லாம் கீழே அரிசியில் இறங்கிக்கொண்டே இருக்கும், நீங்கள் சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்கு அது கஞ்சியாகியிருக்கும். கடலுணவுக்காகப் போகிறவர்கள் பாதிப்பேர், கஞ்சிக்காகத் திரும்பிப் போகிறவர்கள் மீதிப்பேர். இந்த முறைக்கு ஊர் என்று பொதுவாகச் சொல்வது தென்சீனாவில் குவாங்டொங் மாநிலத்தில் இருக்கும் ஷுண்டே. யுனெஸ்கோ 2014இல் உணவுக்கலை நகரங்களின் பட்டியலில் சேர்த்த ஊர். ஆவியிலேயே வேகவைக்கும் ‘சௌனா கோழி’ அங்கே பிரபலம். ஹாங்காங், மலேசியா, சிங்கப்பூர் என்று இந்தப் பாணி பரவி, இங்கே குடும்பத்தோடு அரட்டையடித்துக்கொண்டே சாப்பிடுகிற சாதாரணக் கடைகளாக நிற்கிறது. வெள்ளைத் துணி விரித்த உணவகம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கையால்தான் சாப்பிட வேண்டியிருக்கும், சட்டையில் தெறிக்கும்.

பாதி வெந்திருக்குமோ என்ற பயத்தைப் பார்ப்போம். ஆவியைப் பலரும் மென்மையான சூடு என்று நினைக்கிறார்கள். ஒரு கிராம் தண்ணீரைப் பூஜ்யம் டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 100 கலோரி வேண்டும், அதே ஒரு கிராம் ஆவி மீனின் மேல் பட்டு மறுபடி தண்ணீராகும்போது ஏறக்குறைய 540 கலோரியை அங்கே இறக்கிவிடுகிறது. அதனால்தான் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று அவர்கள் சொல்வது ஏமாற்று இல்லை. நடுத்தர அளவு இறால் இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். ஓட்டோடு இருக்கும் ஸ்காலப்புக்கும் அதே கணக்கு, லாலா என்கிற சின்னச் சிப்பி ஓடு திறக்க நாலைந்து நிமிடம், முழு மீன் தடிமனைப் பொறுத்து எட்டிலிருந்து பன்னிரண்டு, நண்டு என்றால் கால் மணி நேரம். பல கடைகளில் பணியாளரே மேசையில் ஒரு டைமரை வைத்துவிட்டுப் போவார். இந்த நிமிடங்கள் தட்டு நிரம்பாமல் இருந்தால்தான் பொருந்தும். ஆசையில் எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் குவித்தால் ஆவி நடுவில் நுழையாது, ஓரத்தில் இருக்கிற இறால் ரப்பராகும்போது நடுவில் இருப்பது பச்சையாக இருக்கும். இறாலின் நிறத்தைப் பாருங்கள், அதைவிட நல்ல டைமர் இல்லை. உயிரோடு இருக்கும்போது சாம்பல் நீலமாகத் தெரிவதற்குக் காரணம், ஆரஞ்சு நிறமியை ஒரு புரதம் கட்டிப்பிடித்து வைத்திருப்பதுதான். சூட்டில் அந்தப் பிடி விட்டதும் சிவப்பு வெளியே வருகிறது. முதுகுப்பக்கம் ஓடு சிவந்தாலும் தலையை ஒட்டிய தடித்த சதை கண்ணாடி மாதிரி இருந்தால் இன்னும் முப்பது வினாடி விடுங்கள், முழுக்க வெள்ளையானால் எடுத்துவிடுங்கள். அப்புறம் அந்த 540 கலோரி உங்கள் கையிலும் இறங்கும் என்பதை மறக்க வேண்டாம். மூடியை உங்கள் பக்கம் தூக்காதீர்கள், எதிர்ப்பக்கம் சாய்த்துத் திறக்க வேண்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு திறக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கவிச்சிக்கு வருவோம். கடல்மீனின் சதையில் இயல்பாகவே இருக்கும் வாசமற்ற ஒரு பொருளை, மீன் செத்த பிறகு பாக்டீரியா உடைத்து டிரைமெத்தில் அமீனாக மாற்றுகிறது. நாம் கவிச்சி என்று சொல்வதில் பெரும்பங்கு இதுதான். புதிய மீனில் அது மிகக் குறைவு, நாளாக ஆக ஏறும். நம் குழம்பில் புளி சேர்ப்பதும் இவர்கள் எலுமிச்சை பிழிவதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, அமிலம் அந்த அமீனைப் பிடித்து ஆவியாகாமல் நிறுத்துகிறது. ஆவியில் வேகவைக்கும்போது மறைக்க எதுவுமில்லை. மூடியைத் திறந்த முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும். அதனால் உங்கள் சந்தேகத்தை நான் திருப்பிப் போடுவேன். மசாலா இல்லாததால் பயப்பட வேண்டியது சாப்பிடுகிறவர் இல்லை, கடைக்காரர்தான். பழைய சரக்கை இந்தப் பானையில் ஓட்டவே முடியாது, அதை மிளகு நண்டாகவும் சம்பல் சோத்தோங்காகவும் (கணவாய்தான்) மாற்றி விற்க வழியுள்ள கடையில்தான் நான் கூடுதலாக யோசிப்பேன். திலாப்பியா மாதிரி குளத்து மீனில் சில சமயம் வரும் மண்வாடை வேறு விஷயம். அது பழசாகிப்போன அறிகுறி அல்ல, நீரில் வளரும் நுண்ணுயிர்களிடமிருந்து மீனுக்குள் போவது, பிடிக்கவில்லையென்றால் கடல்மீனாகக் கேளுங்கள். கொடுவா, கலவா, சங்கரா மூன்றும் ஆவிக்குச் சரியாக உட்காரும். வஞ்சிரம் வேண்டாம், அது வறுப்பதற்குப் பிறந்தது என்பது என் சொந்தக் கட்சி.

தொட்டியில் நீந்துகிறது, ஆகவே நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். உயிரோடு இருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு. தீனியில்லாமல் நாள்கணக்காகத் தொட்டியில் கிடக்கும் மீன் வற்றிப்போயிருக்கும், தலை பெரிதாகவும் முதுகு கத்திமாதிரியும் தெரியும், வால் துடுப்பு அரிபட்டிருக்கும், செதில் உதிர்ந்த இடம் சிவந்திருக்கும். தொட்டி மேல் நுரை தங்கி நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் தண்ணீர் சரியாகச் சுத்தமாகவில்லை. இன்னொன்று, பலருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும்: அடித்த உடனே வேகவைத்த மீன் எல்லா நாக்குக்கும் பிடிக்காது. விறைப்பதற்கு முன் சூடு பட்டால் தசை சுருண்டு இழுக்கும், மென்றால் துள்ளும். குவாங்டொங் பக்கத்துக் கன்டோனியர்கள் அந்தத் துள்ளலுக்காகவே காசு கொடுக்கிறார்கள், பனிக்கட்டியில் சில மணி நேரம் கிடந்த மீனின் பஞ்சுத்தன்மைக்குப் பழகிய நமக்கு அது கொஞ்சம் முரடாகத் தோன்றலாம். இது ருசி விவகாரம், சரி தவறு இல்லை.

நண்டில் மட்டும் நான் சமரசம் செய்வதில்லை. செத்த நண்டின் உள்ளுறுப்பிலிருந்து வரும் நொதிகள் சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும், பாக்டீரியாவும் வேகமாகப் பெருகும், ஆகவே உயிரோடு வாங்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். சிங்கப்பூரில் பெயர்பெற்ற பெரிய சேற்று நண்டு இலங்கையின் கடனீரேரிகளிலிருந்து வருகிற சரக்கு, கயிற்றால் கொடுக்கைக் கட்டி விமானத்தில் வரும், நல்ல ஈரத்தில் வைத்தால் தண்ணீருக்கு வெளியே பல நாள் தாங்கும். எடை போடும்போது பணியாளர் அதைத் தூக்கிக் காட்டுவார். அப்போது அவசரப்படாமல் கையில் வாங்கிக் கவிழ்த்து, பின்கால்கள் உடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கல்மாதிரி நின்றால் சதை நிரம்பியிருக்கிறது. அட்டைபோல உள்ளே வாங்கிக்கொடுத்தால் அது அண்மையில் ஓடு உரித்த தண்ணி நண்டு, வெந்த பிறகு உடைத்தால் காலில் உப்புத் தண்ணீரும் நூல்நூலாகக் கொஞ்சம் சதையும்தான் இருக்கும். ஒரு கிலோ நண்டு என்று காசு கொடுத்துவிட்டு அதில் கால்வாசியை ஈரக் கயிறாக வாங்குகிறவர்களும் உண்டு. கயிறு எவ்வளவு தடிமன் என்று பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை, மீன் வாங்கும்போது பையில் தண்ணீரோடு தராசில் வைக்கிறார்களா என்று பார்ப்பதும் அப்படித்தான்.

ஸ்காலப்பும் நத்தை மாதிரித் தெரியும் சின்ன அபலோனியும் பெரும்பாலும் உறைநிலையில் வந்தவை. ‘பிரெஷ்’ என்று அட்டையில் எழுதியிருந்தாலும் அப்படித்தான், அதில் குற்றமும் இல்லை. கப்பலிலேயோ கரையிலேயோ உடனடியாக உறையவைத்த சரக்கு, பனிக்கட்டியில் ஒரு வாரம் அலைந்த ‘பிரெஷ்’ஷைவிடத் தரமாக இருப்பதை நான் தினமும் பார்க்கிறேன். கவனிக்க வேண்டியது வேறு. ஸ்காலப்பையும் உரித்த இறாலையும் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்தால் சதை தண்ணீரைப் பிடித்து எடை ஏறும். ஆவியில் வைத்ததும் அது அம்பலமாகிவிடும். ஓட்டுக்குள் பால்மாதிரி வெள்ளைத் தண்ணீர் குளமாகத் தேங்கி, வில்லை பாதியாகச் சுருங்கி, கடித்தால் இனிப்புக்குப் பதில் லேசாகச் சோப்பு ருசி வந்தால் ஊறவைத்த சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அளவோடு சேர்த்தால் உடம்புக்குக் கெடுதல் என்று சொல்லமாட்டேன், தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம் என்பதுதான் என் வருத்தம். அதன்மேல் பூண்டும் கண்ணாடி சேமியாவும் மலைமாதிரி ஏற்றிக் கொண்டுவந்தால், முதலில் ஒன்றை வெறுமையாகக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வயிறு கெடுவது பற்றி நிச்சயமாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். விப்ரியோ, சால்மொனெல்லா மாதிரி பாக்டீரியாக்கள் நன்றாக வெந்தால் சாகும். மீன் சதையின் நடுவில் 63 டிகிரி தொட்டால் போதும் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு, முள்ளை ஒட்டிய சதை தானாகக் கழன்றுவந்தால் அதைத் தாண்டிவிட்டது. சிப்பி வகைகளுக்கு அந்த அளவு போதாது. அவை கடல்நீரை வடிகட்டியே வாழ்கின்றன, கழிவு கலந்த நீரில் வளர்ந்தால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ, வாந்திபேதி தரும் நோரோ வைரஸ்கள் உள்ளே சேரும், வைரஸ் பாக்டீரியாவைவிடச் சூடு தாங்கும். 1988இல் ஷாங்காயில் அரைவேக்காட்டுச் சிப்பி தின்று ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ வந்தது. அதனால்தான் சிப்பியின் நடுச்சதை 90 டிகிரியில் 90 வினாடி நிற்க வேண்டும் என்று பிரிட்டனில் விதி வைத்திருக்கிறார்கள். ஓடு திறந்ததும் எடுத்துவிடுவது ருசிக்குச் சரி, பாதுகாப்புக்குப் போதாது. திறந்த பிறகும் மூன்று நிமிடமாவது விடுங்கள், கொஞ்சம் இறுகும், பரவாயில்லை. ரத்தம் கசிகிற மாதிரி இருக்கும் கேரங் என்ற சிப்பியை இங்கே பலரும் அரைவேக்காட்டில்தான் விரும்புவார்கள். வற்புறுத்தினாலும் நான் தொடமாட்டேன், கர்ப்பிணிகளும் கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களும் அந்தப் பக்கமே போகக் கூடாது. கஞ்சியோடு பச்சை மீன் துண்டு கேட்டால் கிடைக்குமா என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 2015இல் நன்னீர் மீனைப் பச்சையாகத் தின்று பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாத் தொற்று பரவியதும், நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறக் கூடாது என்று சிங்கப்பூரில் தடை போட்டுவிட்டார்கள். அது நல்ல தடை.

இனி, எவ்வளவு வேகவைத்தாலும் போகாதவை. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். முகம் சிவந்து தலை இடிக்கும், பலரும் அதை அலர்ஜி என்று நினைத்துக்கொள்வார்கள். பெரிய பவளப்பாறை மீன்களில் சிகுவடெரா என்று ஒரு நஞ்சு சேரலாம், குளிர்ந்ததைத் தொட்டால் சுடுவதுபோல உணர்வதுதான் அதன் வினோத அடையாளம். இரண்டையும் ஆவி ஒன்றும் செய்யாது, பார்த்தோ மோந்தோ மேசையில் யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆகவே பாறைமீன் வாங்குவதென்றால் மூன்று கிலோ ராட்சதக் கலவாவைப் பார்த்து வாய் பிளக்காமல் முக்கால் கிலோ மீனாகக் கேளுங்கள், ஆபத்தும் குறைவு, சமமாகவும் வேகும். திறக்காத சிப்பி விஷயத்தில் மட்டும் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கெட்டதுதான் திறக்காது என்பது பழைய நம்பிக்கை. ஒட்டுத்தசை விடாமல் பிடித்துக்கொண்ட நல்ல சிப்பியும் மூடியே இருக்கும், கெட்டதும் சில சமயம் வாயைத் திறக்கும். நான் திறக்காததை ஒதுக்கிவைப்பேன், நாலைந்து காசுக்கு மேசையில் கத்தியை வைத்து நெம்புவானேன். வேகவைப்பதற்கு முன்பே வாய் திறந்திருந்து, தட்டினாலும் மூடாமல் இருந்தால் அது கட்டாயம் வேண்டாம்.

இப்போது உங்கள் மனைவி. ஒத்துக்கொள்ளாது என்றால் என்ன ஆகும் என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்பது வேறு, உதடு வீங்குகிறது, உடம்பெல்லாம் தடிக்கிறது, மூச்சு இழுக்கிறது என்பது வேறு. இரண்டாவது என்றால் இந்தக் கடைக்குக் கூட்டிப்போகாதீர்கள், மீன் மட்டும் சாப்பிடட்டும் என்ற சமாதானமும் வேண்டாம். இறால் அலர்ஜிக்குப் பெரும்பாலும் காரணமான டிரோபோமயோசின் என்ற புரதம் சூட்டில் அழியாது, தண்ணீரில் கரையும். மேல்தட்டில் இறால் வெந்தால் அது கஞ்சிக்குள் இறங்கிவிடும், பக்கத்தில் இருக்கும் மீனிலும் ஒட்டும், ஆவியோடு காற்றிலும் போகும். கொதிக்கும் பானைக்குப் பக்கத்தில் நின்றதற்கே மூச்சிறைப்பு வந்தவர்கள் உண்டு. நண்டுக்கும் அதே புரதம்தான், சோத்தோங், சிப்பியிலும் அதன் சொந்தக்காரப் புரதம் இருக்கிறது, சிலருக்கு அதுவும் சேராது. எது சேரும், எது சேராது என்பதைப் பரிசோதனை செய்து ஒரு டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்ல முடியாது. கடையில் யாருக்காவது மூச்சுத் திணறல் தொடங்கினால் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். அந்தக் கஞ்சியைப் பற்றி இன்னொன்று: அடியில் ஊற்றுவது சில கடைகளில் பன்றி எலும்புச் சாறாக இருக்கும், மீனின் மேல் சீன ஒயினும் தெளிப்பார்கள். ஹலால் பார்க்கிற நண்பர் கூட வந்தால் மீனை மட்டும் விசாரித்தால் போதாது.

பில்லைப் பொறுத்தவரை, பட்டியலில் பெரிதாக எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் 100 கிராமுக்கு உள்ள விலை, சிலதுக்கு ‘அன்றைய விலை’ என்று மட்டும் இருக்கும். எடை உயிரோடு, செதிலும் குடலும் சேர்த்து. உதாரணத்துக்கு 100 கிராம் 6 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் 1.2 கிலோ மீன் 72 வெள்ளி. இரண்டு கூட்டல் குறி போட்ட கடையென்றால் அதற்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகைக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி, கடைசியில் 86 வெள்ளி 33 காசு. கேட்காமலே மேசைக்கு வரும் வேர்க்கடலைக்கும் ஈரத்தாளுக்கும் காசு உண்டு, வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பிக் கொடுங்கள். தொட்டியிலிருந்து எடுத்ததும் எடையையும் மொத்த விலையையும் சொல்லச் சொல்லிக் கேட்பது இங்கே சாதாரணம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். சுளித்தால் இன்னும் அடித்துக் கொல்லவில்லையே, வேறு கடைக்குப் போகலாம். ‘இன்றைக்கு இது ஸ்பெஷல்’ என்று பணியாளர் தாமாகவே கொண்டுவந்து காட்டும் மீனுக்கு விலை கேட்காமல் தலையாட்டுவதில்தான் பலருக்கும் பை காலியாகிறது.

எந்த நாள் போகலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். செனோக்கோ மீன்பிடித் துறைமுகத்தை 2024இல் மூடிய பிறகு மொத்த வியாபாரம் எல்லாம் ஜூரோங் துறைமுகத்தில், நள்ளிரவுக்குப் பிறகு. திங்கட்கிழமை ஈரச்சந்தையில் மீன் கடைகள் பெரும்பாலும் அடைத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், பனிக்கட்டி மீனை நம்பியிருக்கும் கடைக்கு அன்று போக வேண்டாம். தொட்டிக் கடைக்கு நாள் அவ்வளவு முக்கியமில்லை, கூட்டம்தான் முக்கியம், சரக்கு ஓடுகிற கடையில் எதுவும் தங்காது. நாலு பேர் என்றால் முதலில் லாலாவும் ஸ்காலப்பும், அப்புறம் இறால், அதன்பிறகு மீன், கடைசியில் நண்டு என்று ஒவ்வொரு சுற்றாகச் சொல்லுங்கள், மொத்தமாக முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி ஆறிப்போகும். ஒவ்வொன்றின் சாறும் சுற்றுச் சுற்றாக இறங்குவதால் கஞ்சியும் ருசியாகும். அதில் உப்பு போடச் சொல்லாதீர்கள், சிப்பித் தண்ணீரிலேயே போதுமான உப்பு இருக்கிறது. காரம் வேண்டும் என்றால் சில்லி பாடி என்கிற சின்னக் காரமிளகாயை நறுக்கிச் சோயா சாஸில் போட்டுத் தருவார்கள், இலவசம்தான். முதல் இறாலை மட்டும் எதையும் தொடாமல் சாப்பிட்டுப் பாருங்கள், மற்றதற்கு எவ்வளவு காரம் வேண்டும் என்பதை அப்புறம் முடிவு செய்யலாம்.